பார்க்கும் முன் கேளுங்கள்



சில மாதங்களாக இரண்டு வகைக் கடிதங்கள் எங்கள் மேசைக்கு வந்துகொண்டிருக்கின்றன. ஒரு வகை ரொரன்ரோ, லண்டன், மெல்பேர்ன் பக்கமிருந்து வருகிறது. "அம்மா வெள்ளவத்தையில் தனிய இருக்கிறா. வீட்டுக்குள் ஒரு கமரா பூட்ட யோசிக்கிறோம். எது நல்லது?" என்று கேட்கிறார்கள். மற்ற வகை கொழும்பின் வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் வருகிறது. "மகன் ஒரு கமரா பூட்டிவிட்டுப் போயிருக்கிறார். கழற்றச் சொன்னால் மனம் நோவாரோ என்று பேசாமல் இருக்கிறேன்" என்று எழுதுகிறார்கள்.

இவை ஒருவருக்கொருவர் எழுதியிருக்க வேண்டிய கடிதங்கள். பிள்ளைகளிடம் சொல்லத் தயங்குவதைப் பெற்றோர் எங்களிடம் சொல்கிறார்கள். பெற்றோரிடம் கேட்க வேண்டியதைப் பிள்ளைகள் எங்களிடம் கேட்கிறார்கள். ஆகவே இம்மாதம் இந்தப் பக்கத்தை இந்த விடயத்துக்கே ஒதுக்கிவிட்டேன்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதியோர் தனித்திருக்கும் வீட்டில் கமரா உதவும். சில வேளை உயிரையும் காக்கும். ஆனால் அது யாரைப் பார்க்கப்போகிறதோ அவர் மனமொத்துச் சம்மதித்த பிறகே சுவரில் ஏற வேண்டும். அவர் விரும்பும்போது அணைக்கவும் முடிய வேண்டும். அம்மாவின் வீடு அம்மாவுடையது.

பிள்ளைகளின் பயத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போது இலங்கையில் 65 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்கள் சனத்தொகையில் 7.9 வீதம். 2024இல் அது 12.6 வீதமாகிவிட்டது. எட்டுப் பேருக்கு ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு நடுவில் 2022இன் பொருளாதார நெருக்கடி வந்தது. அந்த ஓர் ஆண்டில் மட்டும் மூன்று இலட்சத்துக்கும் அதிகமானோர் வெளிநாட்டு வேலைக்குப் புறப்பட்டார்கள். அதே ஆண்டு பெப்ரவரியில் பிரித்தானியா பராமரிப்புப் பணியாளர்களுக்கு விசா வழியைத் திறந்தது. எங்கள் பெண்பிள்ளைகள் பலரும் அந்த வழியில் போனார்கள். அங்கே பிறருடைய தாயைக் குளிப்பாட்டி, தலைவாரி, நேரத்துக்குக் குளிசை கொடுக்கும் ஒரு மகள், தன் தாய் இங்கே தனிய எழும்பித் தனியப் படுப்பதை நினைத்துக்கொண்டே வேலை செய்கிறாள். இரவு பத்து மணிக்குக் கமரா விலை பார்க்கும் அந்த மகளின் மேல் எனக்கு மரியாதை மட்டுமே உண்டு.

விழுந்துவிடுவாரோ என்ற பயத்துக்கும் ஆதாரம் இருக்கிறது. உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 684,000 பேர் விழுந்து இறக்கிறார்கள் என்றும், அவர்களில் அறுபதைக் கடந்தவர்களே அதிகம் என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கேம்பிரிட்ஜ் நகரில் தொண்ணூறு வயதைத் தாண்டியவர்களிடையே நடந்து 2008இல் வெளியான ஓர் ஆய்வை வைத்தியர்கள் அடிக்கடி எடுத்துக் காட்டுவார்கள். விழுந்தவர்களில் பலர் எழும்ப முடியாமல் ஒரு மணி நேரத்துக்கு மேல் நிலத்திலேயே கிடந்திருக்கிறார்கள். உதவிக்கு அழைக்கும் பொத்தான் அவர்களுக்குக் கொடுக்கப்பட்டிருந்தும் பெரும்பாலான வேளைகளில் யாரும் அதை அழுத்தவில்லை. கைக்கு எட்டாமல் போயிருக்கலாம். பிறருக்குக் கரைச்சல் கொடுக்கக்கூடாது என்ற நினைப்பாக இருக்கலாம். பொத்தானை அழுத்தாதவரையும் கவனிக்கும் ஒரு கருவி வேண்டும் என்ற எண்ணம் இப்படித்தான் வலுத்தது.

இனி வீட்டுக்குள் வருவோம். வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடையில் உள்ள ஒரு தொடர்மாடியில் எனக்குத் தெரிந்த இளைப்பாறிய ஆசிரியை ஒருவர் இருக்கிறார். மகன் கனடாவில். போன முறை வந்தபோது தொலைக்காட்சிக்கு மேலே உள்ள தட்டில் ஒரு வெள்ளைக் கமராவை வைத்துவிட்டுப் போனார். உள்ளங்கைக்குள் அடங்கும் சாமான். மகன் தன் போனில் விரலை நகர்த்தினால் இங்கே அது கழுத்தைத் திருப்பும். அப்போது 'கிர்' என்று மெல்லிய சத்தம் வரும். ரீச்சர் சமையலறையில் நின்றாலும் அந்தச் சத்தம் அவருக்குக் கேட்கும். "தம்பி பார்க்கிறான்" என்பார்.

ஒரு நாள் மத்தியானம் இரண்டு மணி. கனடாவில் விடியப்புறம். கூடத்தில் வேறு யாருமில்லாத நேரத்தில் திடீரென்று ஒரு குரல்: "அம்மா, ஏன் இன்னும் சாப்பிடேல்லை?" ரீச்சரின் கையிலிருந்த தண்ணீர்க் கிளாஸ் விழுந்து உடைந்துவிட்டது. அன்றிலிருந்து மத்தியானத்தில் சாய்மனைக் கதிரையில் காலை நீட்டிக் கண்ணயரும் பழக்கத்தை விட்டுவிட்டார். பக்கத்து வீட்டு அக்கா வந்தால் கதையெல்லாம் சமையலறையில்தான். தலை உலர்த்துவதும் அங்கேதான். ஐம்பது வருடம் வகுப்பறையும் வீடும் நடத்திய ஒருவர் சொந்தக் கூடத்தில் விருந்தாளியைப் போல நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார்.

அதே கமராதான் பிறகொரு நாள் அவருக்கு உதவியது. காலைச் சாப்பாடு பிந்தி, இரத்தத்தில் சீனி இறங்கி, கதிரையில் சரிந்துவிட்டார். மகன் தற்செயலாகப் பார்த்து எதிர்வீட்டுக்கு அழைக்க, அவர்கள் மாற்றுத் திறப்போடு ஓடி வந்து சீனித்தண்ணீர் பருக்கினார்கள். "கழற்றச் சொல்லட்டா ரீச்சர்?" என்று கேட்டேன். "கழற்ற வேண்டாம். பார்க்க முதல் ஒருக்கா போன் அடிக்கச் சொல்லுங்கோ, காணும்" என்றார். முதியோரும் கமராவும் பற்றி நான் வாசித்த எல்லாவற்றையும்விட இந்தப் பதில் தெளிவாக இருந்தது. உதவி அவருக்கு வேண்டும். முன்னறிவிப்பும் வேண்டும்.

கொட்டாஞ்சேனையில் வேறொரு வீட்டில் கமரா வாசலை மட்டும் பார்க்கிறது. ஜம்பட்டா வீதியிலிருந்து உள்ளே போகும் ஓர் ஒழுங்கையில் அந்த வீடு. ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே இருக்கும் அம்மம்மா புனித லூசியாள் பேராலயத்துக்குப் புறப்படும்போது கமராவை நிமிர்ந்து பார்த்து, "போயிட்டு வாறன் பிள்ளையள்" என்று கை காட்டுவார். திரும்பி வந்ததும் இன்னொரு முறை கை காட்டுவார். மகள் பார்ப்பது அவ்வளவுதான். அம்மம்மாவுக்கு அதில் ஒரு குறையும் இல்லை. அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தவரே அவர்தான். ஒரே கருவி ஒரு வீட்டில் இறுக்கத்தையும் மற்ற வீட்டில் ஆறுதலையும் தந்திருக்கிறது. வேறுபாடு, எங்கே வைப்பது என்று யார் சொன்னார் என்பதில் இருக்கிறது.

வெளிநாட்டில் வளர்ந்த இளைய வாசகர்களிடம் இன்னொன்றைச் சொல்ல வேண்டும். கொழும்பில் வாழ்ந்த எங்கள் மூத்தவர்களுக்குப் பார்க்கப்படுவது புதிய அனுபவம் இல்லை. 1983 ஜூலைக் கலவரத்தில் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடு தேடி வந்தவர்களை அவர்கள் கண்டவர்கள். யுத்த காலம் முழுவதும் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், ஊரிலிருந்து வந்து நிற்பவர் யார், எதற்காக வந்தார் என்று பொலிஸ் பதிவுப் படிவம் நிரப்பிக் கொடுத்தவர்கள். இரவுச் சோதனைக்குக் கதவு தட்டப்படும்போது அடையாள அட்டையும் அந்தப் பதிவுத் துண்டும் எங்கே இருக்கின்றன என்று இருட்டிலும் தெரிந்து வைத்திருந்தவர்கள். 2007 ஜூன் 7ஆம் திகதி, கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த 300க்கும் மேற்பட்ட தமிழர்களைப் பஸ்களில் ஏற்றி வவுனியாப் பக்கம் அனுப்பினார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. அந்தக் கிழமையில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் எத்தனை வீடுகள் நித்திரையில்லாமல் இருந்தன என்று உங்கள் பெற்றோரிடம் கேட்டுப் பாருங்கள்.

அவர்களிடம் போய், "கமராதானே, இதில் என்ன பயம்?" என்று சிரிக்காதீர்கள். மகனின் கண்ணுக்கு அவர்கள் பயப்படவில்லை. அந்தப் படம் மகனைத் தாண்டி எங்கே போகிறது, யார் கையில் சேர்கிறது என்று கேட்கிறார்கள். வாழ்ந்து படித்த பாடம் அப்படிக் கேட்க வைக்கிறது. தொழில்நுட்பம் தெரியாதவர்களின் கேள்வி என்று அதை ஒதுக்கிவிட முடியாது. இந்தத் துறையின் ஆய்வாளர்களும் அதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

ஐரோப்பாவில் 2020இல் தொடங்கிய 'விசுஆல்' என்ற ஆய்வுத் திட்டம் இதற்காகவே அமைந்தது. ஸ்பெயினின் அலிகாந்தே, ஜேர்மனியின் ஆகென், வியன்னா, டப்ளின், ஸ்டொக்ஹோம் பல்கலைக்கழகங்கள் அதில் சேர்ந்து உழைத்தன. கமரா வழியான பராமரிப்பை மக்கள் எப்போது ஏற்கிறார்கள், எப்போது மறுக்கிறார்கள் என்பதே அவர்களுடைய கேள்வி. இத்தகைய ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிய வருவது இதுதான்: கருவியின் தரத்தைவிட யார் பார்க்கிறார், எந்த அறையில், படம் எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது என்பவையே மக்களின் முடிவை மாற்றுகின்றன. குளியலறை, படுக்கையறை என்றால் எதிர்ப்பு மிக அதிகம். முகமும் உடலும் தெரியாமல் வெறும் உருவக்கோடாகக் காட்டினால் தயக்கம் குறைகிறது. அமெரிக்காவின் மிசோரி மாநிலத்தில் 2004இல் திறக்கப்பட்ட 'டைகர்பிளேஸ்' முதியோர் குடியிருப்பில் இதைச் செய்தே பார்த்தார்கள். அங்கே கருவி பதிவு செய்தது ஆளின் நிழலுரு மட்டும். நடை தளர்கிறதா, விழுந்தாரா என்று அறிய அது போதும். என்ன உடுத்தியிருக்கிறார் என்பது அதில் தெரியாது.

என்னை மிகவும் யோசிக்க வைத்தது கிளாரா பெரிட்ஜ், டெரி வெட்டில் ஆகிய இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட கட்டுரை. முதிய தாய்மாரிடமும் அவர்களுடைய வளர்ந்த பிள்ளைகளிடமும் அவர்கள் தனித்தனியே பேசினார்கள். அம்மாவால் இந்தக் கருவிகளை விளங்கிக்கொள்ள முடியுமா என்பதைப் பிள்ளைகள் குறைவாகவே எடைபோட்டிருந்தார்கள். முடிவெடுக்கும் இடத்தில் அம்மாவும் இருக்க வேண்டும் என்பது அவருக்கு எவ்வளவு முக்கியம் என்பதையும் குறைவாகவே எடைபோட்டிருந்தார்கள். ரொரன்ரோவிலிருந்து வந்த கடிதங்களையும் வெள்ளவத்தையிலிருந்து வந்தவற்றையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தால் அதே கதைதான்.

எனவே கமரா வாங்கும் முன் ஒரு கேள்வியை உங்களிடமே கேளுங்கள். நான் அறிய விரும்புவது என்ன? அம்மா காலையில் எழும்பிவிட்டாரா என்பது மட்டும்தானா? அதற்குப் படமே தேவையில்லை. ஜப்பானில் சோஜிருஷி நிறுவனம் 2001இல் ஒரு மின்கேத்தலை அறிமுகப்படுத்தியது. பெரியவர் தண்ணீர் எடுக்கும்போதெல்லாம் அது பதிந்துகொண்டு, தூரத்திலுள்ள பிள்ளைக்குத் தகவல் அனுப்பும். தோக்கியோவில் முதிய தாயும் நோயாளியான மகனும் வீட்டுக்குள்ளேயே இறந்து, நாட்கள் கழிந்து கண்டெடுக்கப்பட்ட சம்பவம் அந்த யோசனைக்குத் தூண்டுகோலாக இருந்தது. காலையில் தேத்தண்ணிக்குக் கேத்தல் வைக்காத வீடு வெள்ளவத்தையில் உண்டா? கதவு திறந்ததா, அறையில் நடமாட்டம் உண்டா என்று மட்டும் சொல்லும் சின்ன உணரிகளும் இருக்கின்றன. விழுவதைத்தான் அறிய வேண்டுமென்றால், படத்தை வெளியே அனுப்பாமல் தனக்குள்ளேயே ஆராய்ந்து ஆபத்து வேளையில் மட்டும் அறிவிக்கும் கருவிகளும் வந்துவிட்டன. வாசலுக்கு மட்டும் கமரா போதும் என்றால் அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள். எது தேவையோ அதுவரை போனால் போதும்.

கமராவேதான் வேண்டும் என்று இருவரும் சேர்ந்து முடிவெடுத்தால், பம்பலப்பிட்டியில் வாங்கிய பெட்டியை அப்படியே பூட்டிவிடாதீர்கள். சாதாரண வீட்டுக் கமராவின் படம் பெரும்பாலும் எங்கோ இருக்கும் நிறுவனக் கணினிக்குப் போய்த்தான் உங்கள் போனுக்கு வருகிறது. 'ரிங்' நிறுவன ஊழியர்கள் வாடிக்கையாளர்களின் வீட்டுப் படங்களைப் பார்க்கக்கூடியதாக இருந்தது என்று 2023இல் அமெரிக்காவின் வர்த்தக ஆணையம் குற்றஞ்சாட்டியது. 2024 பெப்ரவரியில் 'வைஸ்' கமராக்களில் நேர்ந்த கோளாறினால் ஏறத்தாழ 13,000 பேருக்கு அடுத்தவர் வீட்டுப் படங்கள் தெரிந்தன. ஆகவே பெட்டியோடு வந்த கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றுங்கள். கடவுச்சொல்லோடு போனுக்கு வரும் இலக்கத்தையும் கேட்கும் இரட்டைப் பூட்டைப் போடுங்கள். ஒலிப்பதிவு தேவையில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். படத்தை வெளியே அனுப்பாமல் கமராவிலுள்ள அட்டையிலேயே சேமிக்க முடிந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். யார் யார் போனில் அது திறக்கும் என்ற பட்டியலை அம்மாவிடம் சொல்லுங்கள். மருமகனும் பேரப்பிள்ளைகளும் பார்க்கிறார்கள் என்றால் அதை அறியும் உரிமை அவருக்கு உண்டு.

இந்த இடத்தில் இலங்கைச் சட்டம் அதிகம் துணைக்கு வராது. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் பெற்றோரைக் கவனிப்பதைப் பிள்ளைகளின் கடமையாக்கியது. அன்று வீட்டுக் கமரா யாருடைய யோசனையிலும் இல்லை. 2022இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, ஒருவர் முற்றிலும் தன் வீட்டுத் தேவைக்காகக் கையாளும் தரவுகளைத் தன் எல்லைக்கு வெளியே விட்டிருக்கிறது. அதனால் வீட்டுக்குள் இருக்க வேண்டிய ஒழுங்கை வீட்டார்தான் எழுதிக்கொள்ள வேண்டும்.

அந்த ஒழுங்கில் இன்னொருவருக்கும் இடம் வேண்டும். எங்கள் கொழும்பு வீடுகள் பலவற்றில் முதியவருக்குத் துணையாக மலையகத்திலிருந்து வந்த ஒரு பெண் இருக்கிறார். அம்மாவுக்காகப் பூட்டிய கமரா நாள் முழுவதும் அவரையும் பார்க்கிறது. பல வீடுகளில் உண்மையான நோக்கமே அவரைக் கவனிப்பதுதான். அதை அவரிடம் சொல்வதில்லை. கூடத்தில் பாய் விரித்துப் படுப்பவர் என்றால் அவருக்கு மறைவே கிடையாது. வீட்டுப் பணியாளர்களுக்கான 2011ஆம் ஆண்டின் 189ஆம் இலக்கச் சர்வதேச உடன்படிக்கை, வேலை செய்யும் வீட்டிலேயே தங்குவோரின் அந்தரங்கமும் மதிக்கப்பட வேண்டும் என்கிறது. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் 2001இலேயே, முதியோர் இல்ல அறையில் கமரா வைப்பதென்றால் அதே அறையில் இருக்கும் மற்றவரின் சம்மதமும் வேண்டும் என்று சட்டம் இயற்றியது. எங்கள் அம்மாவைத் தூக்கி நிறுத்தும் பெண்ணுக்கும் அந்த மரியாதையைக் கொடுப்போம். கமரா எங்கே இருக்கிறது, எதைப் பார்க்கிறது என்று சொல்லுங்கள். அவர் உறங்கவும் உடை மாற்றவும் கமரா படாத இடத்தை ஒதுக்குங்கள்.

கமராவால் ஒருவரைத் தூக்கிவிட முடியாது என்பதையும் மறக்கக்கூடாது. ரீச்சர் சரிந்தபோது உதவியாக வந்தது எதிர்வீட்டுத் திறப்பு. பத்து நிமிடத்துக்குள் வந்து சேரக்கூடிய இருவரையாவது முதலில் பேசி ஒழுங்கு செய்யுங்கள். மாற்றுத் திறப்பை அவர்களிடம் கொடுத்து வையுங்கள். 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலக்கத்தையும், அம்மா எடுக்கும் மருந்துகளின் பெயரையும் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் பெரிய எழுத்தில் ஒட்டுங்கள். 2022இல் ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் இல்லாமல் இருந்தோம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் மின்சாரம் போனது. மின்சாரமும் இணையமும் இல்லாத வேளையில் கமரா வெறும் பிளாஸ்டிக் துண்டு. அந்த நேரத்திலும் அயலவர் இருப்பார்.

இனி, எப்படிக் கேட்பது? நேரில் கேட்பதே நல்லது. ஆடிவேலுக்கோ மார்கழி விடுமுறைக்கோ வரும்போது கையில் கமராப் பெட்டியோடு வந்து இறங்காதீர்கள். முதலில் இரண்டொரு நாள் வீட்டில் இருந்து பாருங்கள். பிறகு கேளுங்கள்: "அம்மா, தனிய இருக்கிறதில உங்களுக்கு எது பயமாக இருக்கு?" குளியலறையில் வழுக்கிவிடும் என்றால், கைப்பிடியும் வழுக்காத விரிப்பும் எந்தக் கமராவையும்விட அவசரம். இரவில்தான் பயம் என்றால் அதற்கு வேறு வழி பார்க்கலாம். கமராவைப் பற்றிப் பேசும்போது, அதில் என்ன தெரியும் என்று உங்கள் போனிலேயே அவருக்குக் காட்டுங்கள். தன் கூடம் அந்தத் திரையில் எப்படித் தெரிகிறது என்று கண்டபிறகு அவர் சொல்லும் சம்மதமே சம்மதம். ஒரு மாதம் வைத்துப் பார்த்துவிட்டு மறுபடி கேளுங்கள். அணைக்கும் ஆளியை அவர் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். வேண்டாம் என்றால், அந்தப் பதிலையும் அன்போடு ஏற்றுக்கொள்ளுங்கள்.

மறதி நோய் தொடங்கிய வீடுகளுக்கு இது மிகவும் அவசரம். விளங்கிப் பதில் சொல்லக்கூடிய காலத்திலேயே, "பிறகு நிலைமை மாறினால் எதற்கு நீங்கள் சம்மதம், எது கூடவே கூடாது?" என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அவருக்காக முடிவெடுக்க நேரும்போது, அந்தத் தாளில் அவருடைய சொல் இருக்கும்.

மூத்த வாசகர்களே, உங்களிடம் உரிமையோடு ஒன்று கேட்கிறேன். பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று பிள்ளைகளிடமே சொல்லுங்கள். பிள்ளை கோபிக்க மாட்டார், கோபித்தாலும் தணிந்துவிடுவார். வாசலுக்கு மட்டும், பகலுக்கு மட்டும், போன் அடித்த பிறகு மட்டும் என்று எந்த நிபந்தனையும் போட உங்களுக்கு உரிமை உண்டு. வேண்டும் என்று தோன்றினாலும் வெட்கப்படாமல் கேளுங்கள். பிள்ளைகள் மகிழ்ந்து செய்வார்கள்.

உங்கள் வீட்டில் பேசி என்ன ஒழுங்குக்கு வந்தீர்கள் என்று எங்களுக்கு எழுதுங்கள். பெயர்களைத் தவிர்த்து அடுத்த இதழில் வெளியிடுகிறோம். மற்ற வீடுகளும் அதைப் பார்த்துப் பேசத் தொடங்கட்டும்.

அன்புடன்,
ஆசிரியர்